கட்டியைச் சுற்றித் தெரியும் வெள்ளை நீரா, செல்லா?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு வயது 61. மூளையின் இடது பக்க முன்பகுதியில் மூன்றரை சென்டிமீட்டர் கட்டி, அதைச் சுற்றிக் கட்டியை விடப் பெரிய வீக்கம். ரிப்போர்ட்டில் 'வீக்கப் பகுதியில் டிஃப்யூஷன் கூடியிருக்கிறது, ஏடிசி 1.4' என்று ஒரு வரி. இப்போது நியூரோ சர்ஜன் 'டிடிஐ' என்று இன்னொரு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீக்கமும் புற்றுநோய்தானா, அதையும் சேர்த்து எடுத்துவிடுவார்களா, எடுத்த ஸ்கேன் போதாதா என்று மகன் கேட்கிறார்.

நான் மூளை ஸ்கேன் படிக்கிற ரேடியாலஜிஸ்ட். உங்கள் அப்பாவின் படங்களைப் பார்க்காததால் அவருக்கு என்ன நோய் என்று சொல்லப் போவதில்லை. அந்த 1.4 எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீக்கம். மூளையின் ரத்தக்குழாய்கள் உடம்பின் மற்ற இடங்களில் இருப்பவை மாதிரி அல்ல. குழாய்ச் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கும், கண்டதும் உள்ளே போக முடியாது. வேகமாக வளரும் கட்டி தனக்கு ரத்தம் வேண்டும் என்பதற்காகச் சுரக்கும் பொருட்களில் ஒன்று விஇஜிஎஃப். புதுக் குழாய்களை முளைக்க வைக்கும் பொருள் என்று இன்று அறியப்படுகிற இதை 1983-இல் கண்டுபிடித்தபோது வைத்த பெயருக்கு அர்த்தமே 'குழாயைக் கசிய வைக்கும் காரணி' என்பதுதான். என்னைக் கேட்டால் பழைய பெயர்தான் பொருத்தம். அது வேலை செய்த இடத்தில் ஒட்டு விட்டுப்போகும், ரத்தத்தின் நீரும் புரதமும் மூளைக்குள் கசியும். இகோர் கிளாட்சோ 1967-இல் மூளை வீக்கத்தை இரண்டாகப் பிரித்தார். குழாய் கசிந்து செல்களுக்கு வெளியே நீர் தேங்குவது ஒன்று. பக்கவாதத்தில் நடப்பதுபோல செல்லே நீரை உள்ளிழுத்து உப்புவது இன்னொன்று. கட்டியைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் முதல் வகை.

கசிந்த நீர் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாது. மூளையின் வெளிப்பட்டையான சாம்பல் பகுதி நெருக்கமானது, அங்கே இடமில்லை. உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி நரம்பு இழைகளின் கட்டு, நீர் அந்த இழைகளின் இடுக்கில் வழி பிடித்து ஓடும். அதனால்தான் ஸ்கேனில் வீக்கம் விரல் விரித்த மாதிரி தெரிகிறது. ஃபிளேர் என்கிற படத்தில் இது பளிச்சென்ற வெள்ளை. உங்கள் கேள்வி முழுக்க இந்த வெள்ளையைப் பற்றியதுதான். அதில் நீர் மட்டும் இருக்கிறதா, நீரோடு கட்டியின் செல்களும் ஊர்ந்து போயிருக்கின்றனவா? ஃபிளேரிடம் கேட்டால் பதில் வராது. இரண்டும் அதற்கு ஒரே வெள்ளை.

டிஃப்யூஷன், அதாவது நீர் மூலக்கூறுகளின் நகர்வைப் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. படம், இங்கேதான் உள்ளே வருகிறது. ஸ்கேன் மேசையில் படுத்தவர்களுக்கு அது ஓடும் நேரம் தெரிந்திருக்கும். அதுவரை ஒரு தாளத்தில் தட்டிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று கரகரவென்று உறுமும், மேசையே அதிரும். சாதாரண டிஃப்யூஷன் என்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்குக் கதிர்வீச்சும் இல்லை, மருந்து ஊசியும் தேவையில்லை. அந்த உறுமல் காந்தப்புலத்தின் சரிவைச் சட்சட்டென்று மாற்றுவதால் வரும் சத்தம். அப்படி ஒருமுறை மாற்றுவதை ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டில் ஒவ்வொரு நீர் மூலக்கூறுக்கும் அது இருக்கிற இடத்துக்கேற்ப ஒரு அடையாளம் விழும். கண் இமைப்பதற்குள் இரண்டாவது தட்டு அந்த அடையாளத்தை அழிக்கும். இடம் மாறாத மூலக்கூறுக்கு அது முழுசாக அழியும். நகர்ந்துவிட்டதற்குக் கணக்கு உதைக்கும், அந்த அளவுக்கு சிக்னல் குறையும். ஸ்டெஜ்ஸ்கலும் டேனரும் 1965-இல் சோதனைக்குழாய்க் காலத்தில் போட்ட யோசனை இது. அதை 1986-இல் மனித மூளையின் படமாக்கியவர் பிரான்ஸின் டெனி லெ பிஹான்.

எவ்வளவு நகர்வைப் பிடிக்கிறோம் தெரியுமா? இரண்டு தட்டுக்கும் நடுவே சுமார் 50 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் சூட்டில் தடையே இல்லாத நீரில் ஒரு மூலக்கூறு அந்த நேரத்தில் ஒரு திசையில் சராசரியாக 17 மைக்ரான் போகும். பல செல்களின் குறுக்களவு 10 மைக்ரான் சுமாருக்கு இருக்கும். வழியில் செல் சுவர் இருந்தால் மூலக்கூறு முட்டி நிற்கும் அளவுக்கு இந்தத் தூரம் சரியாக அமைந்துவிட்டது. செல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் சுவரில் நீர் முட்டுவது தெரிகிறது. இந்தப் பரிசோதனையின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். பலவீனத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஏடிசி என்பது இந்த நகர்வின் சுலபம் எவ்வளவு என்று சொல்லும் எண். அலகு 10⁻³ சதுர மில்லிமீட்டர்/வினாடி. சில மெஷின்கள் 1.4 என்பதை 1400 என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம். தடையில்லாத நீர் 3.0. மூளையின் உள்ளறைகளில் இருக்கும் திரவம் கிட்டத்தட்ட அதையே காட்டும். நல்ல வெள்ளைப் பகுதி 0.7, 0.8 சுமார். புதுப் பக்கவாதம் அதற்கும் கீழே போகும். சீழ்க்கட்டியின் நடுப்பகுதியும் அப்படித்தான், சீழ் கெட்டியாக இருப்பதால் அதில் நீர் நகராது. லிம்ஃபோமா போல செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் கட்டிகளும் தாழ்வாகவே காட்டும். குழாய் கசிந்த வீக்கத்தில் எண் மேலே ஏறும், 1.2-க்கு மேல், சிலருக்கு 1.8 வரைகூட. உங்கள் ரிப்போர்ட்டின் 'டிஃப்யூஷன் கூடியிருக்கிறது' என்ற வரிக்கு அர்த்தம் இவ்வளவுதான். செல்களுக்கு வெளியே நீர் தேங்கியிருக்கிறது, அது தாராளமாக நகர்கிறது. அந்த இடத்தில் பக்கவாதமோ சீழோ இருப்பதாகத் தெரியவில்லை. கேட்க நல்ல செய்திதான், ஆனால் உங்கள் கேள்விக்கு இது பதில் ஆகாது.

சரி, படத்தையே பார்த்துச் சொல்லிவிட முடியாதா, எண் எதற்கு என்று பயிற்சி மாணவர்கள் கேட்பார்கள். நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். டிஃப்யூஷன் தட்டு இல்லாத படத்தில் நல்ல மூளையின் சிக்னல் 100 என்று வைப்போம். வழக்கமான அளவில் தட்டினால், அதாவது தட்டின் பலத்தைச் சொல்லும் பி-மதிப்பு 1000-இல், ஏடிசி 0.8 உள்ள அந்த இடத்தில் சுமார் 45 மிஞ்சும். வீக்கத்தில் ஏடிசி 1.5 என்றால் நூற்றுக்கு 22 தான் மிஞ்சும். ஆனால் வீக்கத்தில் நீர் அதிகம், தட்டுவதற்கு முன்பே அது பளிச்சென்று 200-இல் நிற்கிறது. 200-இல் 22 சதவீதம் 44. ஆக, நல்ல மூளை 45, வீக்கம் 44. டிஃப்யூஷன் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல்! வீக்கமே இல்லாத மாதிரி தெரியும். தொடக்கச் சிக்னல் இன்னும் கூடினால் வீக்கம் வெள்ளையாகவே தெரிந்து, பக்கவாதமோ என்று ஏமாற்றும். அதனால்தான் டிஃப்யூஷன் படத்தைத் தனியாகப் பார்த்து யாரும் முடிவு சொல்லக் கூடாது, பக்கத்தில் ஏடிசி வரைபடம் திறந்திருக்க வேண்டும். ஃபிலிமில் டிஃப்யூஷன் மட்டும் அச்சடித்து ஏடிசியை விட்டுவிடும் சென்டர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும் விஷயங்களில் அது ஒன்று.

இப்போது பலவீனத்துக்கு வருகிறேன். டிடிஐ எடுக்கும்போது படத்தின் ஒரு புள்ளி என்பது சுமார் 2 மில்லிமீட்டர் கனசதுரம். அதற்குள் லட்சக்கணக்கான செல்கள் இருக்கும். எண்ணோ ஒன்றே ஒன்று. வீக்கம் அந்த எண்ணை மேலே தூக்கும், ஊடுருவிய கட்டிச் செல்கள் கீழே இழுக்கும். இரண்டும் ஒரே புள்ளியில் நடந்தால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, நீர் மட்டும் இருந்தால் 1.7 காட்டியிருக்கும் இடத்தில் செல்கள் புகுந்து 1.4-க்கு இறக்கியிருக்கலாம். அல்லது செல்லே இல்லாமல் வீக்கம் மிதமாக இருந்து, அதனாலேயே 1.4 வந்திருக்கலாம். கடைக்காரர் கல்லாவில் 1400 ரூபாய் இருப்பதை மட்டும் வைத்து, காலையிலிருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த எண்ணை நாங்கள் எடுப்பது மவுஸால் ஒரு சின்ன வட்டம் போட்டு. கட்டியின் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டரில் போட்டால் ஒரு எண் வரும், 2 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால் வேறொரு எண் வரும். வட்டத்தின் ஓரம் மூளையின் உள்ளறைத் திரவத்தைத் தொட்டுவிட்டால் எண் எகிறிவிடும். எங்கே அளந்தது என்று சொல்லாமல் 'ஏடிசி 1.4' என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். தனியாக ஒரு எண்ணைப் பார்ப்பதை விட, கட்டியிலிருந்து வெளியே போகப் போக எண் எப்படி மாறுகிறது, மறு பக்க மூளையில் அதே இடத்தில் எவ்வளவு என்று ஒப்பிடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

கட்டி எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் வீக்கத்தின் அர்த்தமும் மாறும். நுரையீரல், மார்பகம் போன்ற இடத்திலிருந்து மூளைக்குப் பரவி வந்த கட்டி பொதுவாக ஓரம் கட்டி நிற்கும். கட்டி சுண்டைக்காய் அளவு, வீக்கம் தேங்காய் அளவு என்பது அங்கே சாதாரணம், அந்த வீக்கம் கிட்டத்தட்ட வெறும் நீர். மூளை உறையிலிருந்து வரும் மெனிஞ்சியோமாவிலும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் கிளையோபிளாஸ்டோமா மூளையின் உள்ளிருந்தே வருவது, அதன் செல்கள் நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் நகரும். அங்கே வீக்கம் என்பது நீரும் செல்லும் கலந்த சேறு. அதே குடும்பத்தில் மெதுவாக வளரும் தாழ்நிலைக் கிளையோமாவில் இன்னும் வினோதம், வீக்கம் என்று நாம் நினைக்கும் வெள்ளையே பெரும்பாலும் கட்டிதான். நம் பக்கத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காசநோய்க் கட்டிக்கும், நாடாப்புழுவின் கூட்டுக்கும்கூட சுற்றி இதே போல வீக்கம் வரும். வீக்கத்தைப் பார்த்தவுடன் புற்றுநோய் என்று முடிவு கட்டுவது தவறு.

பரவி வந்த கட்டியின் வீக்கத்தையும் கிளையோமாவின் வீக்கத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், முன்னதில் நீர் நகர்வு கூடுதலாகவும் பின்னதில் சற்றுக் குறைவாகவும் இருந்தது. செல்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால் அப்படி என்று விளக்கம். நியாயமான விளக்கம்தான். ஆனால் இரண்டு குழுக்களின் சராசரி வேறுபடுவது வேறு, ஒருவருடைய எண்ணைப் பார்த்து அவர் எந்தக் குழு என்று சொல்வது வேறு. குழுக்கள் ஒன்றன் மேல் ஒன்று நிறையப் படிந்திருக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு எந்த வகை என்பதைத் திசுப் பரிசோதனை சொல்ல வேண்டும்.

அப்புறம் டிடிஐ. டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங் என்பதன் சுருக்கம், பீட்டர் பாசரும் மட்டியெல்லோவும் லெ பிஹானும் 1994-இல் கொண்டுவந்தது. கரும்புக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஊற்றிய தண்ணீர் கரும்பின் நீளவாக்கில் சுலபமாக ஓடும், குறுக்கே போகக் கஷ்டப்படும். நரம்பு இழைக் கட்டும் அப்படித்தான். குறைந்தது 6 திசைகளிலும், வழக்கமாக 30 அல்லது அதற்கு மேற்பட்ட திசைகளிலும் தட்டிப் பார்த்தால் நீர் எந்தப் பக்கம் ஓட விரும்புகிறது என்று தெரிந்துவிடும். அந்த விருப்பத்தின் அளவு எஃப்ஏ. எல்லாத் திசையும் சமம் என்றால் 0, ஒரே திசை என்றால் 1. இரண்டு மூளைப் பாதிகளை இணைக்கும் பெரிய பாலத்தில் 0.7, 0.8 வரும். இந்தத் திசைகளைப் புள்ளி புள்ளியாகத் தொடர்ந்து போய்க் கோடு வரைந்தால் கை காலை அசைக்கும் பாதை, பேச்சுப் பாதை எல்லாம் வண்ணக் கயிறுகளாகத் தெரியும். அதற்கு டிராக்டோகிராபி என்று பெயர். உங்கள் சர்ஜன் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். பெரும்பாலானோருக்குப் பேச்சு இடது பாதியில் இருக்கிறது, அப்பாவின் கட்டியும் அங்கேதான் இருக்கிறது.

இங்கே வீக்கம் ஒரு பொல்லாத வேலை செய்யும். கரும்புகளுக்கு இடையில் வெள்ளம் புகுந்தால், கரும்பு முறியாவிட்டாலும் தண்ணீர் எல்லாப் பக்கமும் அலையும், எஃப்ஏ விழும். கோடு வரையும் மென்பொருள் வழக்கமாக எஃப்ஏ 0.2-க்குக் கீழே போனால் நின்றுவிடும். திரையில் பார்த்தால் பேச்சுப் பாதை வீக்கத்தின் வாசலில் அறுந்து தொங்கும். பார்க்கிறவர் அங்கே நரம்பே இல்லை, வெட்டலாம் என்று நினைத்தால் ஆபத்து. நரம்பு அங்கேதான் இருக்கிறது, நீரில் முழுகியிருக்கிறது. கட்டி இழையைத் தின்றுவிட்டாலும் எஃப்ஏ விழும், வெறும் நீர் புகுந்தாலும் விழும். மறுபடியும் அதே கல்லாக் கணக்கு. வீக்கத்தை வைத்துக் கட்டி வகையைப் பிரிக்க எஃப்ஏயைப் பயன்படுத்திய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இதற்கு ஒரு நல்ல வழி, நீரைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவது. ஓஃபர் பாஸ்டர்நாக் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறை இப்படி வேலை செய்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு பகுதி இருப்பதாகக் கொள்கிறது. ஒன்று 3.0 வேகத்தில் எந்தத் திசைக்கும் ஓடும் தடையில்லா நீர், மற்றது திசு. இரண்டையும் பிரித்து, திசுவின் எஃப்ஏயைத் தனியாகக் கொடுக்கிறது. பல நேரங்களில் அறுந்து தொங்கிய பாதை இந்தத் திருத்தத்துக்குப் பிறகு வீக்கத்தின் ஊடே ஓடி மறுகரை சேர்வதைப் பார்க்கலாம். முதல்முறை பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது. ஆனால் ஒரே ஒரு பி-மதிப்பில் எடுத்த தரவில் இந்தப் பிரிப்பு ஊகத்தின் மேல் நிற்கும். இரண்டு அல்லது மூன்று பி-மதிப்புகளில் எடுத்தால் கால் ஊன்றி நிற்கும். எடுத்த ஸ்கேன் போதாதா என்றீர்களே, பதில் இங்கே இருக்கிறது. முதல் ஸ்கேனில் வழக்கமாக இருப்பது மூன்று திசைகள், ஒரு பி-மதிப்பு. அதிலிருந்து ஏடிசி எடுக்கலாம், பாதை வரைய முடியாது.

கோடு எவ்வளவு அழகாக வந்தாலும் அது கணக்கு போட்ட கோடுதான், நரம்பு அல்ல. ஆபரேஷன் அரங்கில் மூளையைத் திறந்த பிறகு கட்டி அகற்ற அகற்ற மூளை சற்று இறங்கி நகரும், முன்பு எடுத்த படம் சில மில்லிமீட்டர் பொய்யாகிவிடும். அதனால் பேச்சுப் பகுதி அருகே வேலை என்றால் நோயாளியை விழித்திருக்க வைத்து, மெல்லிய மின்சாரம் கொடுத்து, படங்களின் பெயரைச் சொல்லச் சொல்லிக்கொண்டே அறுவை செய்வதுண்டு. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் அதன் தீர்ப்புதான் செல்லும்.

வீக்கம் முழுவதையும் எடுத்துவிடுவார்களா? பரவி வந்த கட்டியோ மெனிஞ்சியோமாவோ என்றால் எடுக்க வேண்டியதில்லை. கட்டி போனால் கசிவு நின்று வீக்கம் தானாக வடியும். கிளையோபிளாஸ்டோமா என்றால் கதை வேறு. மேயோ கிளினிக்கில் பேட்ரிக் கெல்லி 1987-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு முன்பு கட்டியிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாகத் திசு எடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேனில் வெள்ளை தெரிந்த எல்லை வரைக்கும் தனித்தனிக் கட்டிச் செல்கள் கிடைத்தன. அதற்காக வெள்ளை முழுவதையும் வெட்டினால் அப்பாவின் பேச்சும் கையும் போய்விடும், நோயும் முழுசாகப் போகாது. வால்டர் டேண்டி 1928-இல் சில நோயாளிகளுக்கு வலது பாதி மூளையையே எடுத்துப் பார்த்தவர். அதற்குப் பிறகும் நோய் திரும்பியது. ஆகவே ஊசி மருந்து ஏற்றிய படத்தில் ஒளிரும் பகுதியைப் பாதுகாப்பாக எடுக்க முடிந்த அளவு எடுத்துவிட்டு, சுற்றுப்புறத்தைக் கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் விடுவதுதான் நடைமுறை. திரும்பி வரும் கிளையோபிளாஸ்டோமாவில் பெரும்பகுதி பழைய இடத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்ளேயே வருகிறது. கதிர்வீச்சுத் திட்டத்தில் சுற்றி ஓரம் விடுவதும் அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். அந்த ஓரத்துக்குள் எங்கே சந்தேகம் அதிகம் என்று காட்டத்தான் டிஃப்யூஷனை ஆராய்ச்சியாளர்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு பற்றி ஒரு விஷயம், இதை யாரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருப்பார்கள். கசியும் குழாயை அது இறுக்கும், ஓரிரு நாளில் தலைவலியும் தடுமாற்றமும் குறையும். கூடவே வீக்கத்தின் நீர் நகர்வு எண்ணும் இறங்கும். மருந்துக்கு முன்பு 1.6, பின்பு 1.4 என்றால் கட்டிச் செல்கள் கூடிவிட்டன என்று அர்த்தமில்லை, நீர் வடிந்திருக்கிறது. டிடிஐ எடுக்கப் போகும்போது மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது, இப்போது எவ்வளவு அளவு என்று ஒரு சீட்டில் எழுதி டெக்னீஷியனிடம் கொடுங்கள். ஸ்கேனுக்காக மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் இந்த மருந்தால் ரத்தச் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் டிஃப்யூஷனுக்கு வேலை உண்டு. 72 மணி நேரத்துக்குள் ஒரு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், அதில் ஏடிசியும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி எடுத்த குழியின் ஓரத்தில் சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டு, ஒரு மெல்லிய பட்டையாகத் திசு சாவது சகஜம். அன்றைக்கு அது ஏடிசியில் கறுப்பாகத் தெரியும். சில வாரம் கழித்து அதே இடம் ஊசி மருந்தில் ஒளிரும், பழைய படம் கையில் இல்லாதவர் கட்டி திரும்பிவிட்டது என்று எழுதிவிடுவார். அப்படி எழுதப்பட்டு, ஒரு குடும்பம் ஒரு வாரம் தூங்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் ஸ்கேனின் சிடியைத் தேடி எடுத்து வரச் சொன்னோம், ஆபரேஷனுக்கு மறுநாள் எடுத்த ஏடிசி படத்தில் அதே இடத்தில் அதே வடிவில் கறுப்புப் பட்டை இருந்தது.

அதனால் ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒரே கவரில் போட்டு வையுங்கள். டிடிஐ முடிந்து ரிப்போர்ட் வந்ததும் சர்ஜனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பேச்சுப் பாதை வீக்கத்துக்குள் ஓடுகிறதா, ஓரமாக ஒதுங்கியிருக்கிறதா? பாதை வரைந்தபோது நீரைக் கழித்து வரைந்தார்களா, கழிக்காமலா? கழிக்காமல் வரைந்ததில் கோடு அறுந்து தெரிந்தால், கழித்து ஒருமுறை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பி-மதிப்பில் எடுத்திருந்தால் அதற்காக அப்பாவை மறுபடி மேசையில் படுக்க வைக்க வேண்டியிருக்காது, கம்ப்யூட்டரில் இருக்கும் தரவே போதும்.